இருபதுத் தகடு

கந்தளாய்க்கு இன்னும் நாலு மைல் கிடக்க,
ஐம்பது மூட்டை மாவோடு
மேட்டில் ஏறுகையில்
ஒயில் விளக்கு ஒருதரம் சிமிட்டியது.
"வயர் லூசாக்கும்" என்றான் யூட்சன்,
ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல்.
விளக்கைக் குற்றம் சொல்வது
எப்போதும் மலிவு.
நான்தான் நிறுத்தச் சொன்னேன்.
லீசிங் கட்டுகிறவளுக்குத்தான்
அந்தச் சிவப்பு சரியாகத் தெரியும்.

பாலையூற்றில் சம்பைக் கழற்றினார்கள்.
ஸ்ட்ரெய்னர் வலைக்குள் கிடந்தவை:
கைடின் கறுத்த துண்டுகள், வெட்டிய நகம்போல ஆறேழு,
கொஞ்சம் மினுக்கம்,
முன்னெப்போதோ எவரோ அள்ளிப் பூசிய
சிலிக்கோன் புழு ஒன்று.
எல்லாவற்றையும் காலண்டர்த் தாளில் பரப்பி
ஹில்மி என் முன்னால் நகர்த்தினான்,
பில்லை நகர்த்துகிற மாதிரி.

"செயின் நீண்டுபோய்க் கைடைத் தின்டிருக்கு.
கைடு உடைஞ்சு வலையை அடைச்சிருக்கு.
பம்புக்குத் தாகம்.
ஒன்டுக்கொன்டு சொந்தம் அக்கா.
செயினை மட்டும் மாத்தி அனுப்பினா
அடுத்த மாசம் என்னைத்தான் ஏசுவீங்க."

மச்சான் கமலகாந்தன் போனில் வந்தார்.
செயின் மட்டும் போதும் என்றார்.
லீசிங்குக்கு அவர்தான் பிணை,
ஆகவே எஞ்சினும் அவருக்குத் தெரியும்.
பல்சக்கரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
பல்லெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து
சுறாச் செட்டையாய் நின்றன.
இதில் புதுச் செயினை ஏற்றினால்
பழையதின் பழக்கத்தை
ஒரு மழைக்குள் படித்துவிடும்.
"சிக்னல் இல்லை மச்சான்" என்று வைத்தேன்.

செயின், இரண்டு சக்கரம், கைடுகள், டென்ஷனர்:
எல்லாம் புதிது, யோசிக்க இடமில்லை.
பம்பில்தான் மனம் நின்றது.
பஞ்சிகாவத்தைக் கடைக்காரன் இரண்டு அனுப்பினான்,
பிடித்ததை வைத்து மற்றதைத் திருப்பச் சொல்லி.
ஒன்று புதிது, பெட்டியில், மின்னும் ஸ்டிக்கரோடு.
மற்றது ஜப்பானில் கழற்றிய எஞ்சினில் இருந்தது,
சிங்களப் பேப்பரில் சுற்றி,
விலை பாதிக்கும் கீழே.

விடிய நாலரைக்கு பஸ் ஸ்டாண்டில் பார்சலை இறக்கிவிட்டு
கொண்டக்டரிடம் மிச்சக் காசு எண்ணுவதற்குள்
மான் ஒன்று வந்து
பெட்டியின் மூலையைத் தின்றது.
விரட்டினேன். நின்று மென்றது.
'அசல்' என்ற சொல்லில் பாதியும்
பளபளத்த ஸ்டிக்கரும்
அதன் வயிற்றுக்குப் போயின.
இனித் திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

ஹில்மி பெட்டியைப் பார்த்துச் சிரிக்கவில்லை.
ஃபீலர் கேஜை விரித்தான்.
"பதினைஞ்சுத் தகடு போகலாம்.
இருபது போகக் கூடாது."
புதியதில் ரோட்டருக்கும் கூட்டுக்கும் நடுவே
இருபது போனது.
இருபத்தைந்தும் போனது,
வீட்டுக்காரன் போல.
பழையதில் பதினைந்தே
தயங்கித் தயங்கித்தான் நுழைந்தது.
நான் வாங்கி
நானே ஒருதரம் நுழைத்துப் பார்த்தேன்.
இருபது நின்றுவிட்டது.

இரண்டுக்கும் காசு கொடுத்தேன்.
பழையதைப் பூட்டினோம்.
புதியது இப்போது கராஜ் கதவுக்கு முட்டு.

செயினின் வெளிறிய கண்ணிகள்
சக்கரப் புள்ளிகளோடு பொருந்தியபின்
கிராங்கைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றினான்.
எங்கும் தட்டவில்லை.
டீசலை அடைத்து
வெறும் ஸ்டார்ட்டரில் சுழற்றச் சொன்னான்.
எரியாத எஞ்சின் இருமி இருமிச் சுழல
விளக்கு சிவப்பாகவே நின்றது.
ஐந்து. ஆறு.
யூட்சன் என் முகத்தைப் பார்த்தான்.
ஒன்பது.
பதினொன்றில் அணைந்தது.

எல்லோரும் பிளேன்டீக்கு எழும்பினார்கள்.
நான் மட்டும் டாஷ்போர்டைத் தட்டிக் கேட்டேன்:
இதில் முள் வைக்கலாமா,
எவ்வளவு என்று சொல்கிற முள்?
இந்த விளக்கு
தாகம் முற்றியபின்தானே வாயைத் திறக்கிறது.

"அதுக்கும் காசு" என்றான் ஹில்மி.
"அதையும் பார்த்துக்கொண்டு ஓட வேணுமா?" என்றான் யூட்சன்.
ஓம் என்றேன்
இருவருக்கும்.